அரசர் மரமும் குடியானவர் வேலியும்

அரசமரம் என்றால் நம்மவர்களுக்குப் பிள்ளையார் ஞாபகம் வரும். ஆனால் நாம் குடியேறி வாழும் இந்தக் கன்னட நாட்டில், உண்மையில் அரசருக்குச் சொந்தமாக இருந்த மரம் சந்தனம். 1792-ல் திப்பு சுல்தான் அதை ராஜ மரம் என்று அறிவித்தார். யார் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசாங்கத்துடையது. 1799-ல் திப்பு மாண்டார். ஆட்சி மாறியது, சட்டம் மாறவில்லை. உடையார் மன்னர்கள், ஆங்கிலேயக் கமிஷனர்கள், சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசு, எல்லோருமே அதைக் கைவிடவில்லை. காசு தரும் மரத்தை யார்தான் விடுவார்?

அடியேன் பெங்களூரில் நாற்பது வருஷமாகப் பூஜைச் சாமான் வியாபாரம் செய்பவன். எங்கள் ஜினாலயங்களில் சந்தன அபிஷேகம் முக்கியமானது. மரமும் ஓரறிவுள்ள உயிர் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அரைக்கிற கட்டை எங்கிருந்து வருகிறது, யார் அனுமதியில் வருகிறது என்று கேட்காமல் இருக்க முடியுமா? அப்படித்தான் இந்தச் சட்டங்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சந்தனத்தை மற்ற மரங்களைப் போல அடியோடு வெட்டி விடுவதில்லை. வேரோடு தோண்டி எடுப்பார்கள். வேரில்தான் எண்ணெய் அதிகம். வெளிப்பக்கத்து வெள்ளையைச் செதுக்கி நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் வைரக் கட்டையை 18 தரமாகப் பிரிப்பது பழைய வழக்கம். முதல் தரத்துக்கு 'விலாயத் புத்' என்று பெயர், அடுத்தது 'சைனா புத்'. பெயரே சொல்லுது பாருங்கள், சரக்கு எங்கே போனதென்று! கட்டை ஜெர்மனிக்குப் போய் எண்ணெயாக வடிந்தது. 1914-ல் யுத்தம் வந்து அந்த வழி அடைபட்டதும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் என்ற இருவர் எண்ணெய் வடிக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். 1916-17-ல் மைசூர் அரசே ஆலை வைத்தது. ஆக அரசுக்கு லாபம் கூடியது.

குடியானவருக்கு என்ன கிடைத்தது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சந்தனத்தை யாரும் நட வேண்டியதில்லை. பறவை பழத்தைத் தின்று வேலியோரம் விதையைப் போடும். அது முளைத்து, பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டிச் சாரத்தை உறிஞ்சி வளரும். வைரம் பாயப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். நல்ல மரமாக முப்பது வருஷத்துக்கு மேலாகும். அத்தனை காலமும் நிலத்துக்காரர் காவல் காக்க வேண்டும். மரம் களவு போனால் முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. அதனால் முளையிலேயே கிள்ளிப் போட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

1950-களில் நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4000 டன் வைரக் கட்டை கிடைத்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அது சில நூறு டன்னாகச் சுருங்கியது. வீரப்பன் ஒருவன் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிடுகிறோம். காட்டு மரத்துக்கு அது பொருந்தலாம். வேலியோரத்து மரத்தைத் தடுத்தது சட்டமே என்பது என் துணிபு.

2001-ல் கர்நாடகம் தன் 1963-ஆம் வருஷத்து வனச் சட்டத்தைத் திருத்தி, சந்தன மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்றது. அடுத்த ஆண்டே தமிழ்நாடும் அப்படிச் செய்தது. இருநூறு வருஷத்துக்கு மேல் நின்ற சட்டம் போயிற்று. ஆனால் சொந்தம் வேறு, அனுமதி வேறு. தன் மரத்தைத் தானே எடுக்கவும் வனத்துறைக்கு மனுப் போட வேண்டும். கட்டையை வண்டியில் ஏற்றத் தனிச் சீட்டு வேண்டும். நகரத்தில் வீடு கட்டியிருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன்: சந்தனம் மட்டுமல்ல, விதிவிலக்குப் பெற்ற சில வகைகள் தவிர எந்த மரத்தை வெட்டவும் 1976-ஆம் வருஷத்துச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி தேவை. "நம்ம காம்பவுண்டு, நம்ம மரம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

2001-க்குப் பிறகு நம்பி நட்டவர்களின் மரங்கள் இப்போதுதான் வைரம் பாய்ந்து நிற்கின்றன. கம்பி வேலி, நாய், ராத்திரிக் காவல் என்று செலவழித்து வளர்த்தவர்கள். அவர்களில் சிலர் என் கடைக்கு வருவதுண்டு. முதலில் அவர்கள் கேட்பது கட்டை என்ன விலை போகிறது என்றல்ல. எந்த ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும் என்றுதான்.