செஃபலெக்சின்: பயன்பாடும் மருந்தளவும்

செஃபலெக்சின் என்பது முதல் தலைமுறை செஃபலோஸ்போரின் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்தாகும். தோலில் தோன்றும் சீழ்ப்புண், பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி, சிறுநீர்ப் பாதைத் தொற்று ஆகியவற்றுக்கு இது வழங்கப்படுகிறது. சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இதனால் பயனில்லை. இவ்வகையின் ஊசி மருந்தான செஃபசோலின், தொற்றைத் தடுக்க அறுவை சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திற்குள் செலுத்தப்படுகிறது.

ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தினர் காயம் ஏற்பட்ட இடத்தை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். வாழைத் தோட்டத்தில் அரிவாள் பட்ட காயமும், புன்னைக்காயல் கரையில் மீன்முள்ளோ சிப்பியோ கீறிய காயமும் ஒன்றல்ல. கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமிகளுக்கு எதிராகச் செஃபலெக்சினை மட்டும் நம்ப இயலாது; வேறு மருந்தும் தேவைப்படலாம். கடல்நீர் பட்ட காயத்தில் சில மணி நேரத்திற்குள் வீக்கமும் கடும் வலியும் பரவினாலோ, கொப்புளம் தோன்றினாலோ, உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு அல்லது கல்லீரல் நோய் உள்ளோருக்கு இது உயிராபத்தாக முடியக்கூடும்.

பெரியவர்களுக்குப் பொதுவாக 6 மணி நேரத்திற்கு ஒருமுறை 250 மி.கி. அல்லது 12 மணி நேரத்திற்கு ஒருமுறை 500 மி.கி. தரப்படுகிறது. கடும் தொற்றில் அளவு கூடும். எனினும் நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டலாகாது. மருந்தின் பெரும்பகுதி சிறுநீர் வழியே வெளியேறுவதால், சிறுநீரகக் குறைபாடு உள்ளோருக்கு அளவு குறைக்கப்படும். உணவுக்கு முன்போ பின்போ உட்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கு உடல் எடையே அடிப்படை. பெரும்பாலும் கிலோவுக்கு 25 முதல் 50 மி.கி. வரை ஒரு நாளைக்குக் கணக்கிட்டு, பல வேளைகளாகப் பிரித்துத் தரப்படுகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாள் முழுவதற்குமான அளவு 250 முதல் 500 மி.கி. ஆகும். திரவ மருந்து 5 மி.லி.க்கு 125 மி.கி., 250 மி.கி. என இரு வலிமைகளில் கிடைப்பதால், பாட்டில் மாறினால் அளவு இருமடங்காகிவிடும். சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம்; அளவுமூடியையே பயன்படுத்தவும்.

பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் ஒவ்வாமை முன்பு ஏற்பட்டிருந்தால், மருந்துச் சீட்டு எழுதும் முன்பே தெரிவிக்கவும். முகவீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் மருந்தை நிறுத்தி 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். நீர்த்த வயிற்றுப்போக்கு நீடித்தாலோ, மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ மருத்துவரை அணுகவும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கியிருப்பின் விட்டுவிடவும், இருமடங்காக உட்கொள்ள வேண்டாம். வீட்டில் எஞ்சிய மாத்திரைகளை மற்றவருக்குத் தருதல் கூடாது.