போத்தல் என்றால் எவ்வளவு?

வகுப்பில் 1000 மில்லிலீற்றர் ஒரு லீற்றர் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அதே பிள்ளையை உம்மா கடைக்கு அனுப்பும்போது "அரைப் போத்தல் தேங்காய் எண்ணெய் வாங்கி வா மகன்" என்கிறார். அரைப் போத்தல் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், பலரும் 500 என்பார்கள். சரியான விடை 375.

நம் நாட்டில் போத்தல் வெறும் பாத்திரமல்ல, ஓர் அளவு. முழுப் போத்தல் 750 மில்லிலீற்றர். ஏன் இந்த விசித்திரமான எண்? விடை பிரித்தானியரின் கலனில் இருக்கிறது.

1824இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 10 இறாத்தல் தண்ணீர் கொள்ளும் அளவை ஒரு கலன் என நிர்ணயித்தது. இன்றைய கணக்கில் சுமார் 4.546 லீற்றர். (இந்தக் கலன் ஆங்கிலச் சொல். நெல் அளந்த பழைய தமிழ்க் 'கலம்' வேறு.) அதில் ஆறில் ஒன்றுதான் வியாபாரிகளின் போத்தல், அதாவது 757.7 மில்லிலீற்றர். 12 போத்தல் கொண்ட பெட்டி சரியாக 2 கலன். அதற்கு முந்திய வைன் கலன் சிறியது, 3.785 லீற்றர். அமெரிக்கர் இன்றும் அதைத்தான் பாவிக்கிறார்கள். அதை ஐந்தாகப் பிரித்தாலும் ஏறக்குறைய அதே 757 வரும்! கலன் மாறியும் போத்தல் மாற வேண்டியிருக்கவில்லை.

1970களில் நாம் மெற்றிக் முறைக்கு மாறினோம். கலனும் பைந்தும் வழக்கொழிந்தன. போத்தல் மட்டும் அந்த 7 சொச்சத்தை உதிர்த்துவிட்டு 750ஆக நிலைத்துவிட்டது.

சொல்லும் சுவையானது. லத்தீனில் 'புத்திஸ்' மரப்பீப்பாய், 'புத்திக்குலா' சின்னப் பீப்பாய். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது அதுதான். போர்த்துக்கேயரிடமும் ஒல்லாந்தரிடமும் அதே சொல்லின் உறவுகள் உண்டு. நம் போத்தலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இனி காசுக் கணக்கு. கடையில் எண்ணெய் போத்தல் 600 ரூபா, சுப்பர் மார்க்கட்டில் லீற்றர் 780 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் கடை மலிவு. ஆனால் போத்தல் 600 என்றால் லீற்றர் 800!

பித்ரா காலத்தில் ஒரு ஸாஉ எத்தனை கிலோ என்று ஆண்டுதோறும் விசாரிக்கிற நாம், தேன் வாங்கும்போது இதையும் விசாரிக்கலாம். ஏனென்றால் வீடு தேடி வரும் பாவித்த போத்தல்கள் எல்லாம் 750 அல்ல. 700உம் உண்டு, 625உம் உண்டு, தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பெரும்பாலானவற்றில் அடிக் கண்ணாடியில் எண் பொறித்திருக்கும். வாங்குமுன் ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.