கலேலா ஆடிய ஞாயிறு

1951. வடக்கு ரொடீசியாவின், அதாவது இன்றைய ஜாம்பியாவின், லுவான்ஷா சுரங்க நகரம். செம்பு வெட்டும் தொழிலாளர்களின் குடியிருப்பில் ஞாயிறு பிற்பகல் என்றால் கலேலா ஆட்டம்தான். எண்ணெய்ப் பீப்பாயில் மாட்டுத்தோல் கட்டிய பறைகள் அதிரும். ஆடியவர்கள் பெரும்பாலும் பங்வேலு ஏரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பிசா இன வாலிபர்கள்.

இறகு, இலைக்கச்சை எதுவும் கிடையாது. மடிப்புக் கலையாத சட்டை, பேண்ட், பாலிஷ் போட்ட ஷூ. கோட்டும் டையும் அணிந்த ஒரு 'ராஜா'. சிவப்புச் சிலுவை போட்ட வெள்ளை அங்கியில் ஒரு 'டாக்டர்'. குழுவில் ஒரே பெண், 'நர்ஸ்'. கண்ணாடியும் கைக்குட்டையுமாக ஆட்டக்காரர்களிடம் போய்ப் போய் வருவார். அலங்காரம் கலைந்துவிடக் கூடாதல்லவா!

பாட்டிலோ முழுக்க ஊர்ப் பெருமை. தங்கள் மண்ணைப் புகழ்வார்கள். மற்ற இனத்தாரைக் கிண்டலடிப்பார்கள். அதுவும் எல்லோருக்கும் விளங்கும் நகரத்துப் பெம்பா மொழியில். கிண்டலுக்கு ஆளானவர்களும் நின்று கேட்டார்கள்.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் கிளைட் மிட்செல், ரோட்ஸ்-லிவிங்ஸ்டன் ஆய்வு நிறுவனத்து மானுடவியலாளர். உடையில் வெள்ளைக்காரன், பாட்டில் பிசா. இது எப்படி ஒத்துப்போகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1956-ல் வெளிவந்த 'கலேலா ஆட்டம்' என்ற சிறு நூல் அதற்கு அவர் சொன்ன பதில்.

சுரங்க வேலைக்கு வந்தாலும் ஆப்பிரிக்கர் கிராமத்து ஆள்தான் என்பது அன்றைய நிர்வாகங்களின் கணக்கு. இனப் பெரியவர்களை வைத்தே தொழிலாளரைக் கட்டி மேய்க்கலாம் என்று நம்பினார்கள். அந்தக் கணக்கு 1935 சுரங்க வேலைநிறுத்தத்திலேயே பொய்த்தது; பெரியவர்களின் பேச்சு எடுபடவில்லை. லுவான்ஷாவில் ஆறு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். மிட்செலோ வேறு விதமாகப் பார்த்தார். கிராமத்தில் இனம் என்றால் ஒரு தலைவர், அவருக்குக் கீழே ஒரு வாழ்க்கை. நகரத்தில் அந்தத் தலைவருக்கு வேலையில்லை. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் நடுவே யாரோடு எப்படிப் பழகுவது என்று பிரித்தறியவே அங்கே இனம் உதவியது. அதே லுவான்ஷாவை ஆராய்ந்த மானுடவியலாளர் எப்ஸ்டைன், நிர்வாகம் நம்பியிருந்த இனப் பிரதிநிதிகளையே 1953-ல் தொழிலாளர்கள் வாக்களித்து ஒழித்ததைப் பதிவுசெய்தார். நிர்வாகத்தோடு மோத அவர்களுக்குத் தொழிற்சங்கம் இருந்தது.

உடை பற்றிய விளக்கம்தான் இடறுகிறது. அடிமட்ட வேலைக்காரர்கள் வெள்ளையரின் அந்தஸ்தை ஆட்டத்திலாவது அனுபவித்தார்கள் என்றார் மிட்செல். தென்னாப்பிரிக்க அறிஞர் பெர்னார்ட் மகுபானே 1971-ல் இந்த வகை ஆய்வுகளை ஒரு பிடி பிடித்தார்: சட்டையைக் கவனித்தவர்கள், அந்த அந்தஸ்து ஏணியை நட்டுவைத்த காலனி ஆட்சியைக் கவனிக்கவில்லையே என்று. அவர் பக்கம்தான் எனக்கும் நியாயம் தெரிகிறது. ஆனாலும் இனம் பற்றி மிட்செல் சொன்னதை அந்த விமர்சனம் அசைக்கவில்லை.