மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் (எம்.எம்.எஸ்.சி.) சென்னையில் இயங்கும் மோட்டார் பந்தய மன்றம். 1953-இல் தொடங்கப்பட்டது. கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களையும் ராலிகளையும் நடத்திவருகிறது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் பந்தயத் தடம் இதற்குச் சொந்தமானது. உறுப்பினர்கள் கூடி நடத்தும் ஒரு மன்றம் தனக்கென்று இப்படியொரு தடம் வைத்திருப்பது இந்தியாவில் வேறெங்கும் இல்லை.

வண்டி வைத்திருப்போர் சங்கம் சேர்வது நம் நாட்டில் நூறாண்டைத் தாண்டிய வழக்கம். கல்கத்தாவில் வங்காள ஆட்டோமொபைல் சங்கம் 1904-இலும், பம்பாயில் மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் 1919-இலும் தோன்றின. வழியில் வண்டி நின்றுபோனால் உதவி, ஊர் விட்டு ஊர் போக வழிகாட்டி, அயல்நாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டு என்று வண்டிக்காரர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிப்பது அவற்றின் வேலை. சென்னை மன்றம் கையிலெடுத்தது வேகத்தை.

அது சென்னையில் வேரூன்றியதற்குக் காரணம் ஊரின் தொழிலே என்று சொல்லலாம். 1903-லேயே சிம்ப்சன் பட்டறையில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். ஐம்பதுகளில் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் என்ஃபீல்டும், வண்டலூரில் ஸ்டாண்டர்டும் இயங்கின. எம்.ஆர்.எஃப். ரப்பர் தொழிலுக்கு வந்திருந்தது. என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை.

சோழவரம் என்றதும் இன்றைய சென்னைவாசிக்குக் குடிநீர் ஏரி நினைவுக்கு வரும். முந்தைய தலைமுறைக்கு அது ரேஸ். நகருக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. மன்றம் அதையே களமாக்கிக்கொண்டது. ஓரங்களில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, வளைவுகளைக் குறித்து, கொடி பிடிக்க ஆள் நிறுத்தி, ஆண்டுதோறும் அகில இந்தியப் பந்தயம் நடத்தினார்கள். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவை என்று நாலா திசையிலிருந்தும் ஓட்டிகள் வந்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது.

ஓடியவை பெரும்பாலும் ரோட்டில் ஓடும் வண்டிகள்தாம். வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் ஆகியவற்றின் என்ஜினைக் கடைந்து, எடையைக் குறைத்து, சைலன்சரை மாற்றி ஓட்டினார்கள். புல்லட்டும் ஜாவாவும் அப்படியே. இந்திய மெக்கானிக்கின் கைத்திறன் ஊரறிய வெளிப்பட்ட இடம் சோழவரம். நம் தொழில் வரலாற்றை எழுதியவர்கள் இதற்கு உரிய இடம் கொடுக்கவில்லை. எண்பதுகளில் விஜய் மல்லையா என்சைன் பார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து இங்கே ஓட்டினார். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் வேறு வழியில் யோசித்தார். மாருதி 800-இன் என்ஜினை வைத்து, கட்டுப்படியாகும் விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். 1988-இல் பார்முலா மாருதி பிறந்தது. பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த பந்தயத்தை மற்றவர்களும் எட்டிப்பிடிக்கச் செய்த கார் இதுதான். கரிவரதன் 1995-இல் இலகுரக விமான விபத்தில் இறந்தார்.

சோழவரம் ஓடுதளம் மன்றத்தின் சொந்த இடமல்ல. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக அமைத்து, முடிந்ததும் பிரிக்க வேண்டும். அதனால் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கித் தடம் அமைத்தார்கள். 1990-இல் அது திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அந்த வட்டாரத்துக்கு ஹூண்டாய் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பந்தயக் கார்கள் வந்துவிட்டன. தடம் இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று அழைக்கப்படுகிறது.

கோவையின் நரேன் கார்த்திகேயன் இங்கே பார்முலா மாருதி ஓட்டிப் பழகியவர். 2005-இல் பார்முலா ஒன்னில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். 2010-இல் பார்முலா ஒன்னுக்குப் போன கருண் சந்தோக், தாத்தா இந்து சந்தோக், தந்தை விக்கி சந்தோக், தான் என்று மூன்று தலைமுறையாகப் பந்தயத்தோடு வாழும் சென்னைக் குடும்பத்தில் வந்தவர்.

தேசிய கார், மோட்டார் சைக்கிள் சாம்பியன் போட்டிகளின் சுற்றுகள் இந்தத் தடத்தில் நடக்கின்றன. கொடி காட்டும் மார்ஷல்களின் உழைப்பில்தான் ஒவ்வொரு பந்தயமும் ஓடி முடிகிறது. செய்தித்தாளில் அவர்கள் பெயர் வருவதில்லை.

2023 இம்மன்றத்துக்குத் துயரமான ஆண்டு. ஜனவரியில் நடந்த தேசிய கார் பந்தயத்தில் 59 வயது ஓட்டி ஒருவரும், ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் விபத்தில் உயிரிழந்தார்கள். சிறுவனின் மரணத்தையடுத்து அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்களை மன்றம் ரத்து செய்தது. எந்த வயதில் பிள்ளைகளைத் தடத்தில் இறக்கலாம் என்ற கேள்வியை அந்த மரணம் கடுமையாக எழுப்பியது. மன்றமும் நாட்டின் மோட்டார் பந்தயக் கூட்டமைப்பும் பெற்றோரும் அதற்குச் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும்.