ஒரு கொடையும் மூவகை ஈடுபாடும்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் சர்க்குலர் சாலையில், 35ஆம் எண் வளாகத்தில், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் உயிரியல்சார் துறைகள் இயங்குகின்றன. வழக்கறிஞர் தாரக்நாத் பாலித் 1912இல் பல்கலைக்கழகத்துக்கு அளித்த கொடையில் இந்நிலமும் அடங்கும். அக்கொடையிலிருந்தே இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பேராசிரியர் இருக்கைகள் நிறுவப்பட்டன. அவ்விரு துறைகளும் அப்பர் சர்க்குலர் சாலையில் எழுந்த அறிவியல் கல்லூரியில் செயல்பட்டன. ஆசிரியரின் ஈடுபாடு ஒரே வடிவினதன்று என்பதற்கு அக்கல்லூரியின் தொடக்க ஆண்டுகள் நல்ல சான்று.

1916இல் வேதியியல் இருக்கையை ஏற்ற பிரபுல்ல சந்திர ராய்க்குக் கற்பித்தலும் வாழ்தலும் வேறு வேறல்ல. மணம் புரியாத அவர் கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறையில் மாணவர் சூழ வாழ்ந்தார். அறுபது வயது நிறைந்த 1921 முதல் தம் ஊதியத்தைப் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1944இல் அங்கேயே மறைந்தார்.

நிதித்துறைப் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்துக்கு 1917இல் இயற்பியல் இருக்கைக்கு வந்தவர் சி.வி. ராமன். வகுப்பெடுக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை. ஆயினும் விரும்பிப் பாடம் நடத்தினார். எனினும் அவருடைய மெய்யான வகுப்பறை, பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகமே. வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் 1923 முதல் அங்கே அவரோடு பணியாற்றினார். 1928இன் ராமன் விளைவுக் கண்டுபிடிப்பிலும் உடனிருந்தார்.

மூன்றாம் வகையினர் இளம் விரிவுரையாளர்களான மேக்நாத் சாகாவும் சத்யேந்திரநாத் போசும். கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற இருவரும், தமக்கு எவரும் கற்பிக்காத புதிய இயற்பியலைத் தாமே கற்று மாணவருக்குக் கற்பித்தனர். சார்பியல் குறித்த ஜெர்மன் கட்டுரைகளை அவர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்த நூலைப் பல்கலைக்கழகம் 1920இல் வெளியிட்டது. பின்னர் டாக்காவில் பிளாங்கின் விதியைப் பாடமாக நடத்திய போசுக்கு அதன் வழக்கமான நிறுவல் நிறைவளிக்கவில்லை. அக்குறையைக் களைய முயன்றதன் பயனே 1924இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற கட்டுரை.

உடன்வாழ்தல், உடன் ஆய்தல், உடன் கற்றல் என மூன்று வழிகள். இவற்றுள் ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் மற்ற இரண்டும் குறையாகவே தோன்றியிருக்கும். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பணியைப் புள்ளிகளாகக் கணக்கிடும் முறையைக் கொணர்ந்தது. வகுப்பு நேரத்தையும் கட்டுரை எண்ணிக்கையையும் அம்முறையால் கூட்டிப் பார்க்க முடியும். ராயின் அறைக்கு எத்தனை புள்ளி என்பதை எந்தப் படிவமும் சொல்லாது. ஆசிரியர்களை ஒரே அச்சில் வார்க்காததே பாலித் கொடையால் எழுந்த கல்லூரியின் வலிமை.