உடைக்கச் சொன்னபோதும் பதியச் சொன்னபோதும்

அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களுக்கு எந்தக் கட்டுப்பாடு என்றாலும் ஒரே கோபம்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். துப்பாக்கியின் பின்புறம் மாட்டும் இரண்டு உபகரணங்கள்மீது சில ஆண்டு இடைவெளியில் வந்த விதிகளைப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை. கடுமையான விதிக்கு முணுமுணுப்பு எழுந்தது; இளகிய விதிக்குத்தான் ஊரே திரண்டது.

முதலாவது பம்ப் ஸ்டாக். வழக்கமான தோள்கட்டையைக் கழற்றி இதை மாட்டினால், சுட்ட உதைப்பில் துப்பாக்கி இதன்மேல் முன்னும் பின்னும் வழுக்கும். இடக்கையால் குழலை முன்னே தள்ளிக்கொண்டு, வலக்கை விரலை அசைக்காமல் வைத்திருந்தால் போதும்; விசை தானே வந்து வந்து விரலில் முட்டும். வேகம் ஏறத்தாழ இயந்திரத் துப்பாக்கிக்கு நிகர். 2010இல் ஏ.டி.எஃப். எனும் மத்தியத் துறையே இதற்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தது. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸ் விடுதியின் 32ஆம் மாடியிலிருந்து ஒருவன் இதை மாட்டிய துப்பாக்கிகளால் பத்து நிமிட அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டான். அன்றிரவு செத்தவர்கள் 58 பேர்.

நான்கே நாளில், துப்பாக்கிக்காரர்களின் பெரிய சங்கமான என்.ஆர்.ஏ.வே இதற்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்றது. 2018 டிசம்பரில் டிரம்ப் அரசு போட்ட விதியில் நெளிவுசுளிவே இல்லை: 90 நாளில் உடை, அல்லது ஒப்படை. நட்டஈடும் கிடையாது. ஆனால் குறிபார்த்துச் சுடுகிறவர்களில் பலருக்கு அது தோட்டாவை வீணடிக்கும் விளையாட்டுச் சாமான். போனால் போகட்டும் என்று விட்டார்கள். விடாப்பிடியாக நின்றது கொஞ்சம் பேர். ஆஸ்டின் நகரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த மைக்கேல் கார்கில் தன் இரண்டையும் ஒப்படைத்துவிட்டு நீதிமன்றம் போனார்.

இரண்டாவது பிஸ்டல் பிரேஸ். ஊனமுற்ற முன்னாள் படைவீரர் ஒருவர் ஒரு கையால் சுட உதவுவதற்காகப் பிறந்தது. முன்கையில் சுற்றிப் பட்டையால் இறுக்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவர்களில் ஏராளமானோர் பட்டையைத் தொட்டதே இல்லை, தோளில் முட்டுக்கொடுத்தே சுட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். துறையும் 2012இல் சரி என்றது, 2015இல் தோளில் வைத்தால் குற்றம் என்றது, 2017இல் அதிலிருந்து இறங்கி வந்தது.

2023 ஜனவரியில் பைடன் அரசின் விதி: பிரேஸ் மாட்டிய பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் இனி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ரைஃபிள்கள். 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைப் பதிய வேண்டும். 200 டாலர் வரியைத் தள்ளுபடி செய்தார்கள், 120 நாள் தந்தார்கள். பிரேஸைக் கழற்றி எறிந்துவிட்டால் பதிவே வேண்டாம். ஆனாலும் வரைவு நிலையிலேயே இரண்டு லட்சத்துக்கு மேல் கருத்துகள் குவிந்தன. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. சுமார் 30 லட்சம் பிரேஸ்கள் புழக்கத்தில் இருப்பதாக அரசே மதிப்பிட்டிருக்க, பதிவுக்கு வந்த விண்ணப்பங்கள் இரண்டரை லட்சத்தை ஒட்டித்தான்.

“நீங்கள் சரி என்றதால்தானே வாங்கினேன்” என்பது அவர்களின் நியாயம். நியாயம்தான், ஆனால் பம்ப் ஸ்டாக் வாங்கியவருக்கும் அதே கடிதம் இருந்ததே! எண்ணிக்கை ஒரு காரணம். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறு. பம்ப் ஸ்டாக்கைச் சுத்தியலால் உடைத்தவரின் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பிரேஸைப் பதியப் போனவரோ கைரேகை, புகைப்படம், துப்பாக்கியின் எண் எல்லாம் தர வேண்டும். இன்றைக்குப் பட்டியல், நாளைக்குப் பறிமுதல் என்று தலைமுறையாகப் பேசி வந்தவர்களுக்கு அந்த விண்ணப்பம் வயிற்றில் புளியைக் கரைத்தது. பொருளை இழப்பதைவிட, பொருள் இருப்பதை அரசு அறிவதுதான் அவர்களைச் சுட்டது.

2024 ஜூன் 13 அன்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நீதிமன்றம் பிரேஸ் விதியை ரத்து செய்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் கார்கில் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஃபோர்ட் வொர்த்தில் ஒரு விற்பனையாளர், 2019 கெடு முடிந்தபோது, கையிருப்பில் இருந்த 60,000 பம்ப் ஸ்டாக்குகளை அரைக்கும் இயந்திரத்துக்கு அனுப்பியிருந்தார்.