மன்னாரில் வாழவந்த அந்நியர்

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதோர் மண்ணிற் சென்று வாழ்தல் மாந்தர்க்குப் புதியதன்று. வாணிகம் கருதிச் சென்றோரும், அரசாணையாற் சென்றோரும், சமயப்பணி குறித்துச் சென்றோரும் எக்காலத்தும் உளர். எனினும், சென்றோர் அனைவரும் சென்றவிடத்தில் வாழ்ந்தனர் என்று கூறுதல் இயலாது. பலர் தங்கினர்; சிலரே வாழ்ந்தனர். இவ்விரண்டிற்குமுள்ள வேறுபாட்டை உணர்த்துதற்கு ஈழத்தின் வடமேற்குக் கரையிலுள்ள மன்னாரின் வரலாறு தக்க சான்றாகும்.

மாதோட்டத்து வணிகர்

மன்னார்த் தீவிற்கு எதிரே, பெருநிலப்பரப்பில், திருக்கேதீச்சரத்தைத் தன்னகத்தே கொண்டு விளங்கிய பண்டைத் துறைமுகம் மாதோட்டம். பாளி நூல்கள் இதனை மகாதித்தம் என வழங்கும். சம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடிய காலத்திற் சீனமும் மேலை ஆசியாவும் இத்துறையில் வந்து கலந்தன. 1980ஆம் ஆண்டிற்கும் 1984ஆம் ஆண்டிற்கும் இடையில் யோன் காசுவெல் தலைமையில் நடந்த அகழ்வில் அவ்விரு நாட்டு மட்கலங்களின் உடைவுகளும், சிலுவை பொறித்த களிமண் முத்திரையொன்றும் கிடைத்தன.

இவற்றினும் நுட்பமான சான்று 2009–10ஆம் ஆண்டுகளின் அகழ்விற் பெறப்பட்டது. நெல்லுடன் கோதுமை மணிகளும் முந்திரிகை விதைகளும் அங்கே காணப்பட்டன. கோதுமையும் முந்திரிகையும் இவ்வெப்ப நிலத்துப் பயிர்களல்ல. கடல் வழியே கொணரப்பட்டவை. ஆகவே, மாதோட்டத்தில் தங்கிய பிறநாட்டார் தம் ஊருணவை மறக்கவில்லை என்று கருதுதல் பொருந்தும். இடம்பெயர்ந்தவன் எளிதிற் கைவிடாதது நாவின் சுவையே போலும்!

சோழர் ஆட்சியில் இவ்வூர் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. சோழமண்டலத்தைச் சேர்ந்த தாழிகுமரன் என்பான் இங்கு இராசராசேசுவரம் என்னுங் கோயிலை எடுப்பித்தான் எனக் கல்வெட்டுக் கூறுகின்றது. வந்த ஊரிலும் தன் வழிபாட்டை நிலைநாட்ட விழைவது குடியேறுவோர் இயல்பு.

கோட்டைக்குள் ஒடுங்கியோர்

1560ஆம் ஆண்டில், போர்த்துக்கேயப் பதிலரசன் கொன்சுதந்தீனு தெ பிறகன்சா யாழ்ப்பாண அரசின்மீது படையெடுத்தான். நல்லூரைப் பிடித்தும் நிலைகொள்ள இயலாது பின்வாங்கிய அவன், மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தான். திருக்கேதீச்சரத் திருக்கோயிலின் கற்களே அக்கோட்டைக்குப் பயன்பட்டன என்பது வழிவழி வந்த செய்தி.

அக்கோட்டையின் துணையாகப் புன்னைக்காயலிலிருந்த போர்த்துக்கேயரும் பரதவர் பலரும் மன்னாருக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். ஒரே கடலின் இரு கரைகள் எனினும், பரதவர்க்கு அது தாமே தேர்ந்துகொண்ட பயணமன்று. பிறர் வகுத்த திட்டத்திற்காகத் தம் மணற்கரையை விட்டுவந்த அவர்களுட் பலர் சில ஆண்டுகளிலேயே மீண்டுசென்றனர். வலிந்து நட்ட நாற்று வேரூன்றுவதில்லை.

மொழியால் வாழ்ந்தவர்

அவ்வாறு வந்தோருடன் மன்னாரையடைந்த ஒருவர் அன்றிக்கே அன்றிக்கசு அடிகளார். 1520ஆம் ஆண்டிற் போர்த்துக்கல் நாட்டுப் பிறந்து, 1546இல் இந்தியாவையடைந்து, மறு ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டவர் அவர். அந்நாளிற் பாதிரிமார் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே மக்களுடன் பேசினர். அடிகளாரோ இரவுபகலாகத் தமிழைப் பயின்று, மொழிபெயர்ப்பாளர் துணையை விரைவில் விடுத்தார். அம்முயற்சியின் பயனாக எழுந்த அவரது தமிழிலக்கணம், ஐரோப்பியர் தமிழுக்கு எழுதியவற்றுள் இன்று கிடைப்பனவற்றில் மிகப் பழையது. மன்னாரிலோ புன்னைக்காயலிலோ தமிழ் கற்பிக்கும் உயர்கல்விக் கழகம் ஒன்று வேண்டுமெனவும் அவர் கருதினார், அது நிறைவேறவில்லை. ஆயினும், 1578ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சான அவரது ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்னும் பெருமையைப் பெற்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழரிடையே வாழ்ந்து, 1600ஆம் ஆண்டில் அவர்களிடையிலேயே அவர் மறைந்தார்.

அவர் பரப்பவந்த சமயத்தை ஏற்பதும் ஏற்காமையும் வேறு. படையின் நிழலிலேயே அவர் வந்தார் என்பதையும் மறைத்தற்கில்லை. ஆயினும், அயலார் மொழியைத் தமக்கு ஏவல்செய்யும் கருவியாக மட்டும் கொள்ளாது, இலக்கணம் வகுத்துக் கற்றற்குரிய செல்வமாகக் கொண்டமை அவரைக் கோட்டைத் தலைவர்களினின்றும் பிரித்துக் காட்டுகின்றது.

எஞ்சியவை

1658ஆம் ஆண்டில் மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. போர்த்துக்கேயர் ஆட்சி அகன்றபோதும் அவர்தம் இல்லப்பொருள்கள் நம் நாவில் நின்றுவிட்டன. கதிரை, மேசை, அலுமாரி, சன்னல், சப்பாத்து, பாண், குசினி என்பன யாவும் அவர் விட்டுச்சென்ற சொற்களே. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க இனத்தது. அராபிய வணிகர் நட்டது எனக் கூறுவர். ஆளவந்தோரின் கோட்டை சிதைந்து நிற்க, அயல்நாட்டு மரம் இன்றும் தளிர்க்கின்றது.

இன்று ஈழத்தமிழர் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுத்திரேலியாவிலும் குடியேறி வாழ்கின்றனர். போரினால் வலிந்து பெயர்க்கப்பட்டோரும் அவருட் பலர். தம் நாச்சுவையையும் வழிபாட்டையும் அவர்கள் உடன்கொண்டு செல்லுதல் இயல்பே. மாதோட்டத்து வணிகரும் சோழநாட்டாரும் அதனையே செய்தனர். அத்துடன் சென்ற நாட்டின் மொழியை உளமாரக் கற்று, அதற்குத் தம் கொடையையும் நல்குவாராயின், அவர் அங்குத் தங்கியவராகாது வாழ்ந்தவராவர். மன்னார்க் கரை உணர்த்தும் பாடம் இதுவே.